சுடாத துப்பாக்கி

ஒரு நிமிஷம் இப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு வயது 22. ராணுவத்தில் இருக்கிறீர்கள். மலையடிவாரத்தில் கான்கிரீட்டில் கட்டிய ஒரு பதுங்கு கோட்டைக்குள் காவல். பீரங்கி புதுசு. குண்டுகளுக்குப் பஞ்சமில்லை. எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்பதும் தெரியும். ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை. வயிற்றுக்குள் என்னமோ பிசைகிறது. ஆனாலும் வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் காத்திருக்கிறீர்கள்.

அப்போது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வருகிறது. யுத்தம் இல்லை. கோட்டையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பு. எதிரி வந்து எடுத்துக்கொள்வான்.

தோற்றுவிட்டோமா? இல்லை. சண்டையே நடக்கவில்லை. பிறகு ஏன் கிளம்பவேண்டும்? வேறொரு நாட்டில், வேறொரு ஊரில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதனால்.

1938 அக்டோபர் முதல் வாரத்தில் செக்கோஸ்லோவாகியாவின் எல்லைக் கோட்டைகளில் இருந்த சிப்பாய்களுக்கு இதுதான் நடந்தது. அழுதவர்கள் உண்டு. அதிகாரிகளைத் திட்டியவர்கள் உண்டு. கடைசியில் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள், ஒரு தோட்டாகூடச் சுடாமல்.

அப்படிச் சுடாமல் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி, அவர்களில் சில ஆயிரம் பேரைத் தூங்கவிடவில்லை. அந்தச் சில ஆயிரம் பேரின் கதை இது.

முதலில் அந்த நாலு கையெழுத்தைப் பார்த்துவிடலாம்.

செக்கோஸ்லோவாகியா 1918-ல் பிறந்த நாடு. ஒன்றரைக் கோடி ஜனம். எல்லையோரப் பகுதியில் சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்கள் இருந்தார்கள். சுடேட்டன்லாந்து என்று அதற்குப் பெயர். 'அது எனக்கு வேண்டும்' என்றார் ஹிட்லர். செக்குகள் மசியவில்லை. 1938 செப்டம்பர் 23 இரவு ரேடியோவில் அணிதிரட்டல் அறிவிப்பு. பத்து லட்சம் பேருக்கு மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்கள். எல்லாம் தயார்.

செப்டம்பர் 29-ம் தேதி ம்யூனிக்கில் மாநாடு. ஜெர்மனியின் ஹிட்லர், இத்தாலியின் முசோலினி, பிரிட்டனின் சேம்பர்லேன், பிரான்ஸின் தலாதியே. யாருடைய நிலத்தைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்த நாட்டுக்கு நாற்காலி கிடையாது. செக் பிரதிநிதிகள் ஹோட்டல் அறையில் காத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து, விடிவதற்குள் கையெழுத்தாகி, அதற்கப்புறம் கூப்பிட்டுச் சொன்னார்கள். 'இதுதான் முடிவு.'

இத்தனைக்கும் பிரான்ஸ், செக்கோஸ்லோவாகியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்ட நாடு. உனக்கு ஒன்று என்றால் ஓடி வருவேன் என்று எழுதிக் கொடுத்திருந்த நாடு. அதுதான் கூட உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது. பிரிட்டிஷ் பிரதமரோ, நமக்கு எதுவுமே தெரியாத எங்கோ தூரதேசத்து ஜனங்களின் சண்டைக்காக நாம் பதுங்குகுழி வெட்டுவதா என்ற தொனியில் ரேடியோவிலேயே பேசியிருந்தார்.

ஜனாதிபதி எட்வர்ட் பெனெஷ் முன்னால் இரண்டு வழிதான். தனியாகச் சண்டை போடுவது. அல்லது ஒப்புக்கொள்வது. அவர் ஒப்புக்கொண்டார். ஒரே வாரத்தில் ராஜினாமா செய்துவிட்டு லண்டனுக்குப் போனார். அவர் செய்தது சரியா, தப்பா என்று இன்றுவரை அந்த மண்ணில் பட்டிமன்றம் நடக்கிறது. நாமும் கடைசியில் அங்கே வருவோம்.

கோட்டைகள் போனபிறகு மிச்ச நாடு எத்தனை நாள் தாங்கும்? ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

1939 மார்ச் 14. ஸ்லோவாகியா தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது. ஹிட்லரின் நிழலில் ஒரு தனிநாடு. அன்று இரவே புதிய ஜனாதிபதி எமில் ஹாகாவை பெர்லினுக்கு வரவழைத்தார்கள். வயசாளி, இருதய நோயாளி. 'கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் ப்ராக் நகரம் குண்டுவீச்சில் தரைமட்டமாகும்' என்றார் கோரிங். கிழவர் மயங்கியே விழுந்துவிட்டார். ஊசி போட்டு எழுப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் காலை, கொட்டும் பனியில் ஜெர்மன் படை ப்ராகுக்குள் வந்தது. இந்த முறையும் யாரும் சுடவில்லை என்றே சொல்லலாம்.

ராணுவம் கலைக்கப்பட்டது. ஆயுதமெல்லாம் ஜெர்மானியர்களுக்கு. பீரங்கிகள், விமானங்கள், நூற்றுக்கணக்கான டாங்கிகள். சும்மா ஓட்டை உடைசல் இல்லை. அன்றைய ஐரோப்பாவின் தரமான சரக்கு.

வணிகவியல் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு கணக்கு உறுத்தும். செக்குகளின் தங்கத்தில் ஒரு பகுதி லண்டனில், பாங்க் ஆஃப் இங்கிலாந்தில், ஸ்விட்சர்லாந்திலுள்ள சர்வதேசத் தீர்வு வங்கியின் பெயரில் இருந்தது. ப்ராக் விழுந்த சில நாளில், ஜெர்மானியர்களின் பிடியில் இருந்த செக் மத்திய வங்கியிலிருந்து ஒரு கடிதம். 'அதை ஜெர்மன் மத்திய வங்கியின் கணக்குக்கு மாற்றுங்கள்.' மாற்றிவிட்டார்கள். சுமார் 23 டன். ஆவணமெல்லாம் சரியாக இருந்தது, கையெழுத்தும் சரியாக இருந்தது. வேறென்ன வேண்டும்?

நிலம் போச்சு. ஆயுதம் போச்சு. தங்கமும் போச்சு. மிச்சம் இருந்தது ஆள் மட்டும்தான்.

ஆட்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள்.

இரவில், கள்ளத்தனமாக. நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள ஆஸ்ட்ராவா பக்கமாகப் போலந்துக்குள் நுழைந்தார்கள். அம்மாவிடம்கூடச் சொல்லாமல் போனவர்கள் உண்டு. தெரிந்தால் அம்மாவுக்குத்தானே ஆபத்து?

ஆனால் போலந்து ஒன்றும் சிவப்புக் கம்பளம் விரிக்கவில்லை. ம்யூனிக் கலாட்டாவில் தன் பங்குக்கு டெஷின் பகுதியைக் கிள்ளி எடுத்துக்கொண்ட நாடு அது. இப்போது ஹிட்லரைச் சீண்டவும் அதற்கு பயம். 'உங்களை எங்கள் மண்ணில் ராணுவமாக வைத்துக்கொள்ள முடியாது. வேண்டுமானால் பிரான்ஸுக்குக் கப்பல் ஏற்றிவிடுகிறோம்' என்றார்கள்.

பிரான்ஸ் வேறு ஒரு நிபந்தனை போட்டது. சமாதான காலத்தில் எங்கள் ராணுவத்தில் வெளிநாட்டுக்காரனைச் சேர்க்கச் சட்டம் இடம்கொடுக்காது. ஃபாரின் லீஜனில் சேர். ஐந்து வருஷ ஒப்பந்தம். யுத்தம் வந்தால் விடுவிக்கிறோம்.

ஃபாரின் லீஜன் என்றால் தெரியுமல்லவா? பழசை மறைக்கிறவர்களும் ஊரைவிட்டு ஓடிவந்தவர்களும் போய்ச் சேரும் கூலிப்பட்டாளம். வட ஆப்பிரிக்கப் பாலைவனம். வெயில், மணல், கெடுபிடி. செக்கோஸ்லோவாகிய ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர்கள் அங்கே சாதா சிப்பாயாகக் கையெழுத்துப் போட்டார்கள். யாருக்கு? ம்யூனிக்கில் தங்களை விற்ற அதே பிரான்ஸுக்கு.

ஏன் போட்டார்கள்? ஹிட்லரைச் சுட வேறு துப்பாக்கி அப்போது எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் போட்டார்கள்.

1939 செப்டம்பர் 1. போலந்து மீது ஹிட்லர் பாய்ந்தார். யுத்தம் வந்துவிட்டது. அக்டோபரில் பிரான்ஸ் ஒப்பந்தம் செய்து, செக்கோஸ்லோவாகியர்களுக்குத் தனிப்படை அமைக்க அனுமதித்தது. தென்பிரான்ஸில் ஆக்டே என்ற ஊரில் முகாம். லீஜனிலிருந்து வந்தவர்கள், ஏற்கெனவே பிரான்ஸில் பிழைக்கப் போயிருந்த செக், ஸ்லோவாக் தொழிலாளர்கள், யூத அகதிகள் என்று சேர்ந்து ஒரு டிவிஷன் உருவாயிற்று. சுமார் 11,000 பேர்.

1940 ஜூனில் அவர்களைப் போர்முனைக்கு அனுப்பியபோது பிரான்ஸ் ஏற்கெனவே உடைந்துகொண்டிருந்தது. மார்ன் நதிக்கரையிலிருந்து லுவார் நதிக்கரை வரை பின்வாங்கிக்கொண்டே சண்டை போட்டார்கள். இதில் ஒரு கொடுமையைக் கவனியுங்கள். தளபதி ரோமலின் டாங்கிப் படை பிரான்ஸுக்குள் புகுந்தபோது அதில் இருந்த டாங்கிகளில் கணிசமானவை செக் டாங்கிகள். சொந்த நாட்டின் ஆயுதம். இப்போது அதுவே ஜெர்மன் சிலுவைக் குறியோடு வருகிறது.

ஜூன் 22-ம் தேதி பிரான்ஸ் சரணடைந்தது. போச்சுடா என்று தெற்கே ஓடி, சேட் துறைமுகத்தில் கிடைத்த கப்பலில் ஏறினார்கள். சரக்குக் கப்பல், நிலக்கரிக் கப்பல், எதுவானாலும் சரி. நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான் பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் சிறைப்பட்டார்கள், சிதறினார்கள், அல்லது பிரான்ஸிலேயே இருந்த தங்கள் குடும்பங்களிடம் திரும்பினார்கள்.

இவர்களெல்லாம் அப்பழுக்கற்ற வீரர்கள், ஒருதாய் மக்கள் என்று நான் எழுதினால் அது பொய். செஷயர் மாவட்டத்தில் சம்லி என்ற பண்ணையார் மாளிகையின் பூங்காவில் கூடாரம் போட்டார்கள். அங்கே பெரிய ரகளை. அதிகாரிகள் அதிகம், சிப்பாய்கள் குறைவு. தோற்று வந்த ஆத்திரம் வேறு. யூதச் சிப்பாய்களை மட்டமாக நடத்தினார்கள். அப்போது ஸ்டாலினும் ஹிட்லரும் நண்பர்கள், அதனால் கம்யூனிஸ்டுகளுக்கு இது 'முதலாளிகளின் யுத்தம்'. சுமார் 500 பேர், 'இந்த அதிகாரிகளுக்குக் கீழ் வேலை செய்யமாட்டோம்' என்று வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் ராணுவத்தின் பயனியர் கோர் என்ற கூலிவேலைப் படைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தோற்ற நாட்டின் ராணுவம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

ஆனால் ஆகாயத்தில் கதையே வேறு.

1940 ஜூலையில் பிரிட்டனிடம் விமானம் இருந்தது, விமானி போதவில்லை. செக்கோஸ்லோவாகிய விமானிகளை ராயல் ஏர்ஃபோர்ஸ் சேர்த்துக்கொண்டது. 310, 312 என்று போர் விமான ஸ்குவாட்ரன்கள். 311 குண்டுவீச்சு ஸ்குவாட்ரன். அடுத்த வருஷம் 313. முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. ரேடியோவில் கட்டளை புரியாவிட்டால் சாவுதான். ஆகவே பறப்பதோடு சேர்த்து பாஷையும் கற்றுக்கொண்டார்கள். 310-க்கு ஒரு பிரிட்டிஷ் தலைவர், ஒரு செக் தலைவர் என்று இரண்டு பேர். பிரிட்டன் யுத்தத்தில் பறந்த செக்கோஸ்லோவாகிய விமானிகள் 80-க்கும் மேல்.

அவர்களில் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பெயர் யோசஃப் ஃப்ரான்டிஷெக். போலந்து வழியாகத் தப்பியவர். போலந்து விமானப்படையிலேயே சேர்ந்து, அவர்களோடு பிரான்ஸ், அப்புறம் பிரிட்டன் என்று வந்தவர். போலந்துக்காரர்களின் 303 ஸ்குவாட்ரனைவிட்டு நகர மறுத்துவிட்டார். ஒழுங்குக்குக் கட்டுப்படாத ஆள். எல்லோரும் ஒரு பக்கம் போனால் இவர் மட்டும் பிரிந்து போய், குண்டு தீர்ந்து வீடு திரும்பும் ஜெர்மன் விமானங்களுக்காகக் கடல்மேல் காத்திருப்பார். இவரைத் திருத்த முடியாது என்று தெரிந்ததும், 'சரி, நீ எங்கள் விருந்தாளி. இஷ்டம்போல் பற' என்று விட்டுவிட்டார்கள். 1940 செப்டம்பர் என்ற ஒரே மாதத்தில் 17 விமானங்களை வீழ்த்தினார். பிரிட்டன் யுத்தத்தின் மிகச்சிறந்த விமானிகளின் பட்டியலில் முதல் வரிசைப் பெயர்.

அக்டோபர் 8-ம் தேதி. ரோந்து முடிந்து திரும்பும்போது அவரது விமானம் லண்டனுக்குத் தெற்கே தரையில் மோதியது. சண்டை இல்லை, எதிரி இல்லை. வயது 26. லண்டனில் போலந்து வீரர்களுக்கான கல்லறைப் பகுதியில் அவரைப் புதைத்தார்கள்.

மொத்தம் சுமார் 2,500 செக்கோஸ்லோவாகியர்கள் பிரிட்டிஷ் விமானப்படையில் வேலை செய்தார்கள். சுமார் 500 பேர் திரும்பவில்லை. மிக அதிக இழப்பு 311-க்கு.

இதற்கு நடுவில் ஊரில் இருந்த குடும்பங்கள் என்ன ஆயின? வெளிநாட்டில் சண்டை போடுகிறவர்களின் அப்பா, அம்மா, மனைவி, தம்பி என்று தேடித்தேடிப் பிடித்து ஸ்வாடோபோர்ஜிட்ஸே என்ற ஊரில் முகாம் போட்டு அடைத்தார்கள் ஜெர்மானியர்கள். விமானிகள் பலரும் பொய்ப்பெயரில் பறந்ததற்குக் காரணம் இதுதான். சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டால், போர்க்கைதியாகக்கூட நடத்தமாட்டார்கள். ஜெர்மனியின் கணக்குப்படி அவர்கள் தன் ஆட்சிக்கு உட்பட்ட பிரஜைகள். ஆகவே தேசத்துரோகிகள்.

லண்டனில் பெனெஷுக்கு வேறொரு கவலை. பிரிட்டன் அவரது அரசை அங்கீகரித்துவிட்டது. ஆனால் ம்யூனிக் ஒப்பந்தத்தை மட்டும் செல்லாது என்று சொல்ல மறுக்கிறது. நாளைக்கே ஹிட்லர் தோற்றாலும் பழைய எல்லை திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நண்பர்கள் மதிக்கும்படியாக ஏதாவது பெரிசாகச் செய்தாகவேண்டும்.

யோசஃப் கப்சிக், யான் குபிஷ். ஒருவர் ஸ்லோவாக், ஒருவர் செக். இரண்டு பேரும் லீஜனைப் பார்த்தவர்கள், பிரான்ஸில் சண்டை போட்டவர்கள், கப்பலேறி வந்தவர்கள். 1941 டிசம்பர் 28 நள்ளிரவுக்குப் பிறகு பாராசூட்டில் சொந்த மண்ணில் குதித்தார்கள். 1942 மே 27-ம் தேதி, ப்ராக் நகரின் ஒரு சாலை வளைவில், ஹிட்லரின் பிரதிநிதியாக செக் நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஹெய்ட்ரிக்கின் திறந்த காருக்கு முன்னால் கப்சிக் குதித்து, துப்பாக்கியின் விசையை இழுத்தார்.

சுடவில்லை. துப்பாக்கி மக்கர் செய்துவிட்டது.

குபிஷ் வெடிகுண்டை வீசினார். ஜூன் 4-ம் தேதி ஹெய்ட்ரிக் செத்தார்.

பதிலுக்கு ஜெர்மானியர்கள் செய்ததை எழுதக் கை கூசுகிறது. ஜூன் 10-ம் தேதி லிடிசே என்ற கிராமத்தில் 173 ஆண்களை நிற்கவைத்துச் சுட்டார்கள். பெண்களை முகாமுக்கு அனுப்பினார்கள். 82 குழந்தைகளை விஷவாயுவில் கொன்றார்கள். கிராமத்தையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இந்தக் கொலைக்கும் அந்தக் கிராமத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஜூன் 18-ம் தேதி, உடன் வந்தவன் ஒருவன் காட்டிக்கொடுக்க, ப்ராகில் ஒரு தேவாலயத்தில் ஒளிந்திருந்த ஏழு பாராசூட் வீரர்களையும் நூற்றுக்கணக்கான ஜெர்மன் படையினர் சூழ்ந்தார்கள். பல மணிநேரச் சண்டை. நிலவறைக்குள் குழாய்விட்டுத் தண்ணீரை நிரப்பினார்கள். ஒருவரும் உயிரோடு மிஞ்சவில்லை.

1942 ஆகஸ்ட் 5. ம்யூனிக் ஒப்பந்தம் இனி எங்களைக் கட்டுப்படுத்தாது என்று பிரிட்டன் எழுத்தில் கொடுத்தது. செப்டம்பர் கடைசியில் டிகாலின் சுதந்திர பிரான்ஸும் அதையே சொன்னது. பேச்சுவார்த்தை முன்பே நடந்துகொண்டிருந்ததுதான். ஆனால் லிடிசேவுக்குப் பிறகு மறுத்துப் பேச யாருக்கும் வாய் இல்லை.

ஒரு கையெழுத்தை அழிக்க ஆன விலையைப் பார்த்தீர்களா? அதைப் போடுவதற்கு அவர்களுக்கு ஒரு பேனா போதுமாக இருந்தது.

மற்ற முனைகளையும் வேகமாகப் பார்த்துவிடலாம். பால்கன் நாடுகள், துருக்கி, சிரியா வழியாகத் தப்பியவர்கள் பாலஸ்தீனத்தில் சேர்ந்து ஒரு பட்டாலியன் ஆனார்கள். கரெல் க்லபாலெக் என்ற அதிகாரியின் தலைமையில் 1941 கடைசியில் லிபியாவின் டோப்ரூக் முற்றுகைக்குள் நின்றார்கள். சோவியத் யூனியனில் லூத்விக் ஸ்வோபோதா தலைமையில் இன்னொரு படை. 1943 மார்ச் 8-ம் தேதி, கார்கிவ் பக்கம் சொகோலோவோ கிராமத்தில் அது முதல் சண்டை போட்டது. செஞ்சேனையோடு சேர்ந்து போரிட்ட முதல் வெளிநாட்டுப் படை அதுதான். ஆற்றுப் பனிக்கட்டி டாங்கியைத் தாங்கவில்லை. ஆகவே டாங்கி உதவி வரவில்லை. டாங்கி இல்லாமலேயே ஜெர்மன் டாங்கிகளை எதிர்த்தார்கள். பெண்களும் இருந்தார்கள், மருத்துவ உதவிக்கு மட்டுமில்லை, குறிபார்த்துச் சுடவும்.

அந்தக் கிழக்குப் படையில் கணிசமான பேர் எங்கிருந்து வந்தார்கள் தெரியுமா? சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களிலிருந்து. ஹங்கேரி தங்கள் பகுதியைப் பிடித்ததும் ஹிட்லரை எதிர்க்க ரஷ்யாவுக்கு ஓடினார்கள். அங்கே 'அனுமதியில்லாமல் எல்லை தாண்டினாய்' என்று பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். அவர்களை வெளியே எடுக்க மாஸ்கோவில் இருந்த செக்கோஸ்லோவாகிய ராணுவத் தூதுக்குழுவின் தலைவர் ஹெலியோதோர் பீகா பெரும்பாடு பட்டார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1944 செப்டம்பரில் கார்பாத்திய மலையில் டுக்லா கணவாய்ச் சண்டை. சொந்த நாட்டு எல்லையைத் தொட ஒரு மாதம் ஆயிற்று. செத்தவர், காயம்பட்டவர் எல்லாம் சேர்த்து 6,000-க்கும் மேல். அதே சமயம் மேற்கே, பிரிட்டனிலிருந்து வந்த செக்கோஸ்லோவாகிய டாங்கிப் பிரிகேட், பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்தைச் சுற்றி முற்றுகையில் உட்கார்ந்திருந்தது. அக்டோபர் தொடங்கி, யுத்தம் முடிகிறவரை. உள்ளே இருந்த ஜெர்மன் படை 1945 மே 9-ம் தேதிதான் சரணடைந்தது. சரண் வாங்கியவர் ஜெனரல் அலோய்ஸ் லிஷ்கா. ஒரு செக்.

அதே மே 9-ம் தேதி காலை ப்ராகுக்குள் வந்தது செஞ்சேனை. மேற்கிலிருந்த பெரும்படையும் விமானிகளும் அன்று தலைநகரில் இல்லை. விமானிகள் ஆகஸ்டில்தான் ஊர் திரும்பினார்கள். மாலை, மரியாதை, ஊர்வலம். பல பேர் பிரிட்டிஷ் மனைவியோடு வந்து இறங்கினார்கள்.

சுபம் போட்டுவிடலாம் என்று பார்த்தால், இன்னும் முடியவில்லை.

1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. யுத்தத்தில் நீ சண்டை போட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. எங்கிருந்து போட்டாய் என்று கேட்டார்கள். லண்டனிலிருந்தா? அப்படியென்றால் நீ ஏகாதிபத்திய உளவாளி.

விமானிகளை வேலையைவிட்டுத் தூக்கினார்கள். வீட்டைவிட்டு விரட்டினார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கிடையாது. விமானி யோசஃப் ப்ரிக்ஸின் கதை ஒன்று போதும். 1941-ல் சுட்டு வீழ்த்தப்பட்டவர். செக் என்று தெரிந்தால் தூக்கு என்பதால் ரிக்ஸ் என்று பெயர் சொன்னார். ஜெர்மன் முகாம்களிலிருந்து திரும்பத் திரும்பத் தப்பித்தார், திரும்பத் திரும்பப் பிடிபட்டார். கடைசியில் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறை. அங்கிருந்து அமெரிக்கர்கள் மீட்டார்கள். பிரிட்டன் விருது கொடுத்தது. 1948-ல் அவரது சொந்த நாடு கைது செய்தது. முதலில் 10 வருஷம். அப்புறம் இன்னொரு வழக்கில் 20 வருஷம். இங்கிலீஷ் மனைவியும் கைக்குழந்தையும் பிரிட்டனுக்குத் திரும்பிவிட்டார்கள். யாஹிமோவ் யுரேனியச் சுரங்க முகாமில் 1957 ஆகஸ்ட் 11-ம் தேதி இருதயம் நின்று இறந்தார் ப்ரிக்ஸ். வயது 41. ஹிட்லரின் சிறைகள் அவரைக் கொல்லவில்லை.

கரெல் யானோஷெக்? பிரிட்டிஷ் விமானப்படையில் ஏர் மார்ஷல் பதவிவரை போன ஒரே செக்கோஸ்லோவாகியர். 1945-ல் திரும்பி வந்தபோது, மனைவி நாஜி முகாமில் இறந்த செய்திதான் வரவேற்றது. 1948-ல் தப்பிக்க முயன்று பிடிபட்டார். 1960 வரை சிறை.

பீகா? ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. சோவியத் முகாம்களிலிருந்து தன் ஆட்களை மீட்கப் பாடுபட்ட மனிதர். 1949 ஜூன் 21-ம் தேதி பில்சன் சிறையில் தூக்கிலிட்டார்கள். தேசத்துரோகமாம்.

டோப்ரூக்கின் க்லபாலெக்கும் உள்ளே போனார். இவ்வளவு ஏன், கிழக்குப் படையின் தலைவர் ஸ்வோபோதாவையே 1952-ல் பிடித்துப் போட்டார்கள். வெளியே வந்தபிறகு சொந்த ஊர் கூட்டுறவுப் பண்ணையில் கணக்கு எழுதினார் அந்த ஜெனரல்.

சிலர் மறுபடி ஓடினார்கள். 1950 மார்ச் 24 காலை, உள்நாட்டுத் தடத்தில் ப்ராக் போகவேண்டிய மூன்று பயணிகள் விமானங்கள், மூன்று வேறு நகரங்களிலிருந்து கிளம்பி, மூன்றும் எல்லை தாண்டி ஜெர்மனியில் அமெரிக்கத் தளம் ஒன்றில் இறங்கின. திட்டம் போட்டவர்கள் முன்னாள் ராயல் ஏர்ஃபோர்ஸ் ஆட்கள். இறங்கிய இடம் எர்டிங். ம்யூனிக் நகருக்குப் பக்கத்தில்!

எந்த ஊரில் அவர்கள் நாட்டை விற்றார்களோ, அந்த ஊர்ப்பக்கம் அடைக்கலம் தேடிப் போகவேண்டியதாயிற்று. வரலாறு சில சமயம் இப்படித்தான் கிண்டல் செய்யும்.

இப்போது ஆரம்பத்தில் விட்ட கேள்விக்கு வருவோம். 1938-ல் சுட்டிருக்கவேண்டுமா?

பெனெஷைக் குறை சொல்கிறவர்களிடம் நியாயம் இருக்கிறது. பத்து லட்சம் பேரும் கான்கிரீட் கோட்டையும் கையில் இருந்தன. ஆதரிக்கிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. தனியாக நின்றிருந்தால் எத்தனை லிடிசே ஆகியிருக்கும்? இன்றைக்கும் ப்ராக் நகரின் பழைய கோபுரங்கள் இடியாமல் நிற்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

இதற்கு விடை தேடுகிறவர்கள் ஸ்வோபோதாவைப் பார்த்தால் போதும். பண்ணைக் கணக்கரான அவரை, பிறகு மீண்டும் மேலே கொண்டுவந்தார்கள். 1968 மார்ச்சில் ஜனாதிபதியே ஆனார். அதே ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் வந்தன. ராணுவம் எதிர்க்க வேண்டாம், முகாமுக்குள்ளேயே இருக்கட்டும் என்ற உத்தரவில் தலைமைத் தளபதி என்ற முறையில் அவரும் நின்றார். சொகோலோவோவில் டாங்கி இல்லாமல் டாங்கியை எதிர்த்த மனிதர். டுக்லாவில் ஒரு மாதம் விடாமல் முட்டிய மனிதர். அவரும் கடைசியில் பெனெஷ் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே முடிவை எடுத்தார். நாற்காலியில் உட்காருகிறவர்கள் உயிர்களை எண்ணுகிறார்கள். எண்ணத்தான் வேண்டும். ஆனால் கோட்டைக்குள் இருந்த சிப்பாய்க்கு அந்தக் கணக்கு மனசுக்குள் நேராவதே இல்லை. அதை நேர்செய்யத்தான் அவன் அம்மாவிடம் சொல்லாமல் கிளம்பிப் போகிறான்.

1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி போனது. 1991-ல் பழைய வீரர்களின் பெயரை முறைப்படி களங்கம் நீக்கி, பதவிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாதிப் பேர் வாங்கிக்கொள்ள உயிரோடு இல்லை. 1993 ஜனவரி 1-ம் தேதி செக்கோஸ்லோவாகியாவே இரண்டாகப் பிரிந்தது. இந்த முறை யாரும் மிரட்டவில்லை. அவர்களே பேசிப் பிரிந்துகொண்டார்கள். கப்சிக்கின் ஊர் இன்று ஒரு நாடு. குபிஷின் ஊர் இன்னொரு நாடு.

2014-ல் ப்ராகில் ஒரு வெண்கலச் சிங்கத்தை நிறுவினார்கள். சிறகு உள்ள சிங்கம். ராயல் ஏர்ஃபோர்ஸில் பறந்த செக்கோஸ்லோவாகியர்களின் நினைவாக. திறந்துவைத்தவர் சர்ச்சிலின் பேரன். அந்த விமானிகளில் கடைசியாக இருந்தவர் எமில் போச்செக். 1939 கடைசியில், 16 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பிய பையன். பிரான்ஸ், பிரிட்டன் என்று சுற்றி, பறக்கக் கற்றுக்கொண்டு, 310-ல் பறந்தவர். 2023 மார்ச் 25-ம் தேதி, நூறு வயது முடித்து இறந்தார்.

நாலு பேர் போட்ட கையெழுத்துக்கு அப்போது 84 வருஷம் ஆகியிருந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் கிளம்பிப் போனவர்களில், பறந்தவர்களின் வரிசை அன்றோடு முடிந்தது.